ரீஃப் டேங்கில் குட்டி நட்சத்திர மீன்கள்: முதலில் ராத்திரியில் ஒரு டார்ச் எடுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக வீட்டில் 120 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. நண்பரிடமிருந்து ஜோவா என்ற, பூப்போலத் திறந்து மூடும் பவளத் துண்டு ஒன்று வாங்கி வைத்த இரண்டு மாதத்தில், கண்ணாடியில் அரிசி அளவுக்கு வெள்ளை நட்சத்திர மீன்கள் தெரிய ஆரம்பித்தன. முதலில் ஐந்தாறு. இப்போது இரவில் எண்ணினால் ஐம்பதைத் தாண்டுகிறது. போன வாரம் ஒன்று ஜோவா மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் கொத்து மூன்று நாளாகத் திறக்கவில்லை. கடைக்காரர் நட்சத்திர மீனைத் தின்னும் ஹார்லெக்வின் இறால் வாங்கச் சொல்கிறார். நண்பரோ ஜோவா ஒட்டியிருக்கும் கல்லை எடுத்துக் கொதிக்கும் நீரில் போடு என்கிறார். எதைச் செய்வது?

பதில்: கொதிநீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். நட்சத்திர மீனுக்காகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோவாவும் அதன் நெருங்கிய சொந்தமான பாலிதோவாவும் கடைகளில் பெயர் மாறி விற்கப்படுபவை. பாலிதோவாவில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாயில் கிடைத்த ஒரு பாலிதோவா இனத்திலிருந்து 1971-ல் பிரித்தெடுக்கப்பட்ட இது, கடல் உயிரிகளின் நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. சூடு பட்டால் அழியாது. ஆவியோடு கலந்து மூக்கு வழியாக உள்ளே போகும். வாயில் உலோகச் சுவை, இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று ஆரம்பிக்கும். கல்லை வேகவைத்தவர் மட்டுமல்ல, அடுத்த அறையில் இருந்த குடும்பத்தாரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிநீர் மட்டுமல்ல, ஜோவா ஒட்டியிருக்கும் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. அதைத் தொடும்போதெல்லாம் கையுறை போடுங்கள், வெட்டுவதாக இருந்தால் கண்ணுக்கும் கண்ணாடி போடுங்கள்.

சரி, இனி நட்சத்திரங்களுக்கு வருவோம்.

மீன் வளர்ப்பவர்கள் இவற்றை அஸ்டெரினா என்கிறார்கள். நம் தொட்டிகளுக்கு வருபவற்றில் பல, 2004-ல் அஸ்டெரினாவிலிருந்து பிரித்து அக்விலோனாஸ்ட்ரா என்று பெயரிடப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். பழைய பெயரே வாயில் நின்றுவிட்டது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறங்களில் இருக்கும். கைகளைக் கவனியுங்கள். எல்லாக் கையும் ஒரே அளவில் அழகாக இருப்பது அபூர்வம். மூன்று கை பெரிதாக, மூன்று கை இப்போதுதான் முளைத்தது போலச் சின்னதாக, யாரோ கடித்துத் துப்பியது மாதிரி இருக்கும். அது காயம் இல்லை, பிறப்புச் சான்றிதழ். இவை நடுவில் கிழிந்து இரண்டாகும். ஒவ்வொரு பாதியும் இல்லாத கைகளை மறுபடி முளைக்க வைத்துக்கொள்ளும். ஜோடி தேட வேண்டியதில்லை என்பதால், ஜோவா துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு நட்சத்திரம் போதும், சில மாதத்தில் ஐம்பது ஆக.

நீங்கள் பார்ப்பது அஸ்டெரினாதானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சின்ன வட்டத் தட்டு ஒன்று, அதிலிருந்து நூல் போல நீண்டு நெளியும் கைகள், கல் இடுக்கிலிருந்து கைகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன என்றால் அது வேறு ஆள், பாம்புக்கை நட்சத்திரம். தொட்டிக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகும் சின்ன வகை அது. மிச்ச உணவையும் கசடையும் தின்று இடுக்குகளைச் சுத்தமாக வைத்திருக்கும். அதைப் பிடித்து எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

அஸ்டெரினா என்ன தின்கிறது? அதன் சாப்பாட்டு முறை வேடிக்கையானது. வயிற்றின் ஒரு பகுதியை வாய் வழியாக வெளியே தள்ளி, கீழே இருப்பதன் மேல் போர்த்தி, அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டியிருப்பதை வெளியிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் கண்ணாடித்தாள் போல ஒரு படலம் தெரியும், அதுதான் வயிறு. பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பது பாசிப் படலமும் நுண்ணுயிர்ப் படலமும்தான். கல்லில் படரும் ஊதா நிற கோரலின் பாசியையும் சில தின்னும். தின்ற இடம் வட்டமாக வெளுத்திருக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் இது பெரிய நஷ்டம் இல்லை.

பவளத்தைத் தின்னுமா என்பதுதான் ஐம்பது வருடம் தொட்டி வைத்தவர்களும் சண்டை போடும் இடம். என் அனுபவத்தில், பெரும்பாலானவை தின்னாது, ஆனால் சில தொட்டிகளில் ஜோவாவைத் தின்ற கூட்டங்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். வெள்ளையாக இருந்தால் நல்லவை, பச்சையோ நீலமோ கலந்திருந்தால் கெட்டவை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இனத்திலேயே நிறம் மாறும்.

மூடிய ஜோவாவின் மேல் ஒரு நட்சத்திரம் உட்கார்ந்திருந்தால் அதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. வேறு காரணத்தால் நலிந்த பவளத்தின் மேல் சளியும் பாசியும் சேரும். அதைத் தின்னவும் இவை வரும். எனக்கே நடந்தது இது. ஒரு வருடம் ஜோவாக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன, நான் கோபத்தில் நாற்பது நட்சத்திரத்தைப் பொறுக்கி எடுத்தேன். ஜோவா திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கொத்தைப் பிரித்துப் பார்த்தால், நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட, மாடிப்படி மாதிரிச் சுழலும் ஓடு கொண்ட ஒரு சின்ன நத்தை உட்கார்ந்திருந்தது. ஜோவா தின்பதே அதன் தொழில். ஜோவாவின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும் ஓடில்லாக் கடல் நத்தைகளும், குச்சிக் கால் கடற்சிலந்திகளும் இதே வேலையைச் செய்யும். திடீரென்று விளக்கைக் கூட்டியிருந்தாலோ, நீரின் காரத்தன்மை ஏறி இறங்கியிருந்தாலோகூட ஜோவா மூடும்.

அதனால் முதல் வேலை துப்பறிவது. விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சோடு உட்காருங்கள். வெள்ளை ஒளி பட்டால் நிறைய உயிர்கள் ஒளிந்துகொள்ளும், சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக அசையாது. மூன்று நான்கு இரவு பாருங்கள். நன்றாகத் திறந்து ஆரோக்கியமாக இருந்த ஜோவாவின் மேல் நட்சத்திரங்கள் கூடுகின்றனவா, அவை நகர்ந்த பிறகு அந்த இடத்தில் சதை கரைந்து குழி விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு சோதனை இருக்கிறது. குஞ்சு வளர்க்கும் தொங்கு பெட்டிகள் இரண்டைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, ஒரே கொத்திலிருந்து எடுத்த இரண்டு ஜோவா துண்டுகளை ஆளுக்கொன்றாக வையுங்கள். ஒன்றில் மட்டும் ஐந்து நட்சத்திரங்களைப் போடுங்கள். ஒரு வாரம். நட்சத்திரம் உள்ள துண்டு மட்டும் சுருங்கினால் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் நன்றாக இருந்தால் வேறு எதிரியைத் தேடுங்கள்.

குற்றம் உறுதியானாலும் ஆகாவிட்டாலும், ஐம்பது என்பது 120 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கையால் எடுப்பதுதான் நான் எப்போதும் சொல்லும் வழி. இரவில், காற்றுக் குழாய் அளவுள்ள மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். குழாயின் மறுமுனையைச் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில்) தொங்கும் வடிகட்டிப் பையில் விட்டால் நட்சத்திரம் பையில் தங்கும், தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் நெம்பி விடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், கல்லின் மேல் வைத்து நசுக்காதீர்கள். கிழிந்தே பெருகும் உயிரை நீங்களே கிழித்துக் கொடுத்தால், அது பெருக நீங்கள் உதவி செய்வதாகத்தான் ஆகும். ஓரிரவுக்கு இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள் என்று ஒரு மாதம் செய்தால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்து இறங்கும். பூஜ்யத்துக்கு வராது. வரவும் தேவையில்லை.

எடுத்ததை நன்னீர் உள்ள டப்பாவில் போட்டால் இறந்துவிடும். நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளால் உடம்பின் உப்பைக் கட்டிக்காக்க முடியாது. இறந்ததைக் குப்பையில் போடுங்கள். உயிரோடு கடலிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள், எங்கிருந்து வந்த இனம் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஹார்லெக்வின் இறால் வளர்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், டப்பாவோடு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அவர்களுக்கு அது தீபாவளிப் பலகாரம்.

மருந்து ஏதாவது ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நட்சத்திரத்தை மட்டும் கொன்று, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் விட்டுவைக்கும் மருந்து கிடையாது. செப்பு கலந்த மருந்துகள் முதுகெலும்பில்லாத எல்லாவற்றையும் கொல்லும். கல்லிலும் மணலிலும் படிந்து பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் செய்யும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளத்தை அழிக்கும் முள்முடி நட்சத்திர மீன்களுக்கு முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கொல்கிறார்கள், சாதாரண வினிகரே அதற்குப் போதும் என்று ஆய்வில் தெரிந்தது. முள்முடியும் இதே போல வயிற்றை வெளியே தள்ளித்தான் பவளத்தைத் தின்கிறது. ஆனால் அது சாப்பாட்டுத் தட்டு அளவு, உங்களுடையது அரிசி மணி. ஊசி போட இடம் ஏது!

இனி ஹார்லெக்வின் இறால். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும், வெள்ளை உடம்பில் பெரிய புள்ளிகளோடு பீங்கான் பொம்மை மாதிரி அழகு. நட்சத்திர மீனைப் புரட்டிப் போட்டு, கை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டே உள்ளே வரும். உங்கள் ஐம்பதையும் சில வாரத்தில் முடித்துவிடும். சொல்லாமல் விட்டது அதற்கு அப்புறம் நடப்பதை. இது நட்சத்திர மீனைத் தவிர வேறெதையும் ஏறக்குறைய தின்னாது. துகள் உணவு, உறைந்த இறால் எதையும் தொடாது. தீர்ந்ததும் பட்டினியில் செத்துப் போகும், அல்லது நீங்கள் வாராவாரம் கடையில் நட்சத்திர மீன் வாங்கி ஒவ்வொரு கையாக வெட்டிப் போட வேண்டும். அப்படி விற்கப்படுவது பெரும்பாலும் கொம்புக் குமிழ் நட்சத்திரம். அது சிங்கப்பூரின் சொந்தக் கடல் உயிர்களில் ஒன்று, அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரின் சைரீன் பவளத்திட்டில் கடல் வற்றும்போது போய் அதைப் பார்த்தவர்களுக்கு, அதன் கையை வெட்டுவது அவ்வளவு லேசாக இருக்காது. தொட்டியில் அழகுக்காக வேறு நட்சத்திர மீன் வைத்திருந்தால் அதையும் இறால் விடாது. வாங்கவே வேண்டும் என்றால், உங்கள் வேலை முடிந்ததும் இறாலை ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்கூட்டியே இருக்கட்டும். இரவலாகக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் ரீஃப் ஆட்களிடம் உண்டு, அது நல்ல பழக்கம்.

எதைச் செய்தாலும், ஏன் இத்தனை பெருகின என்பதையும் பார்க்க வேண்டும். ஐம்பது நட்சத்திரம் என்றால், ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குப் பந்தி போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். மீனுக்கு இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு மட்டும் போடுங்கள். உறைந்த உணவை உருக்கிய தண்ணீரை அப்படியே ஊற்றாமல் வடிகட்டிவிட்டுப் போடுங்கள். வாரம் ஒரு முறை மணலின் மேல் கசடை உறிஞ்சுங்கள். கண்ணாடியை இரண்டு நாளுக்கொரு முறை துடைத்தால் அவற்றின் மேய்ச்சல் நிலம் குறையும். ஆனால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கக் கிளம்பிவிடாதீர்கள். சத்தே இல்லாத வெறும் தண்ணீரில் பவளமும் வெளுக்கும், சளி போலப் படரும் டைனோ என்ற நுண்ணுயிர் வந்து உட்கார்ந்தால் இந்த நட்சத்திரங்களே தேவலாம் என்று தோன்றும்.

அடுத்த முறை ஜோவா வாங்கினால் தொட்டியில் நேராக வைக்காதீர்கள். துண்டு ஒட்டியிருக்கும் அடிக்கட்டையைப் புரட்டிப் பாருங்கள், முடிந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டுங்கள். பவள மருந்துக் குளியல் நத்தையையும் புழுவையும் உலுக்கி விழ வைக்கும், எல்லா முட்டையையும் அல்ல. இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து இரவில் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த கல், பவளம் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

உங்கள் மூடிய கொத்துக்கு இன்றிரவே செய்ய வேண்டியது இதுதான். கையுறை போட்டு, கொத்தைத் தொட்டி நீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மெல்லிய துளிக்குழாயால் ஜோவாக்களின் இடையே நீரை மெதுவாகப் பீய்ச்சுங்கள். எது விழுகிறது என்று பாருங்கள். கட்டம் போட்ட நத்தையா, நட்சத்திரமா, ஒன்றுமே இல்லையா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள், அடுத்த படியைப் பார்ப்போம்.