பள்ளியில் பேண்ட் மாஸ்டரால் படிப்புக்கு என்ன லாபம்?

"பேண்ட் ஊர்வலத்துக்கு மட்டும்தானே, படிப்பு நேரத்தைத் தின்கிறதே" என்று கேட்டிருந்தீர்கள். சிகாகோவின் வால்டர் டயட் கதையைப் பாருங்கள்.

1930-களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள், கறுப்பினப் பிள்ளைகள் படித்த வெண்டெல் ஃபிலிப்ஸ், டுசாபில் பள்ளிகளில் இசை சொல்லிக்கொடுத்தவர். கண்டிப்புக்காரர்; கூட்டத்தில் யார் தப்பாக வாசித்தாலும் அவர் காதுக்குத் தப்பாதாம். பின்னாளில் அமெரிக்க ஜாஸ் இசையில் பெயர்பெற்ற நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன், ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள். பள்ளியில் 'ஹை ஜிங்க்ஸ்' என்று ஆண்டுதோறும் கலைநிகழ்ச்சி நடத்தி, அந்த டிக்கெட் காசை இசைக்கருவிகளுக்குச் செலவழித்தார்.

இசை படித்தால் கணக்கில் மார்க் ஏறும் என்கிற விளம்பரத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் பேண்டில் ஜால்ரா (சிம்பல்) வாசிக்கும் பையனைக் கவனியுங்கள். ஐம்பது அறுபது தாளச் சுற்று சும்மா நின்று, மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, ஒரே ஒரு தட்டு தட்டுவான். அரை நொடி பிசகினால் மொத்தமும் கெட்டுவிடும். டிரம்பெட்காரப் பெண்ணோ, பக்கத்துக் கிளாரினெட் கேட்கும்படித் தன் சத்தத்தை அடக்க வேண்டும். தனியாக எழுதும் பரீட்சையில் இதற்கு இடமே இல்லை.

டயட் 1969-இல் இறந்தார். அவர் பெயரிலுள்ள பள்ளியை 2015-இல் மூடியதும், அதைத் திரும்பத் திறக்கச் சொல்லி அதே ஆண்டு பெற்றோரும் ஊர்க்காரர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016-இல் அது கலைப் பள்ளியாகத் திறந்தது.