அனுமதிக் கடிதம் என்னும் மந்திரம்

கேள்வி: ஆர். எஃப். குவாங் எழுதிய 'பேபல்' என்ற ஆங்கில நாவலைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் மூன்று முறை வாசித்துவிட்டாள். பழைய நூலகம், மெழுகுவத்தி, கறுப்பு அங்கி, மழையில் நனையும் கல் முற்றம் என்று இந்த 'டார்க் அகாடெமியா' கதைகள் எல்லாமே ஒரே சாயலில் இருக்கின்றன. வெள்ளைக்காரர்களின் கல்லூரிகள் மீது நமக்கிருக்கும் பழைய மோகத்தைத் தவிர இவற்றில் வேறு என்ன ஈர்ப்பு இருக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: மோகம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது சரி. அதை அறியாமலேயே உங்கள் மகள் வாசிக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மோகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் நாவல் அது.

மெழுகுவத்தியும் அங்கியும் இந்த வகைக்கு முகப்பு அலங்காரம். 1992இல் டோனா டார்ட் எழுதிய, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கிரேக்கம் பயிலும் மாணவர்கள் கொலையில் சென்று முடியும் நாவலே இவற்றுக்கு முன்னோடி என்பார்கள். 2020இல் கல்லூரிகள் அடைக்கப்பட்டு, மாணவர்கள் வீட்டு அறைகளில் திரையைப் பார்த்தபடி பாடம் கேட்ட நாட்களில் இந்த மோகம் பன்மடங்கு பெருகியது. நூலகத்தின் வாசல் மூடியிருந்தபோது நூலகத்தைப் பற்றிய கனவு வளர்ந்ததில் நான் குறை காணமாட்டேன்.

'பேபல்' அந்தக் கனவிலிருந்துதான் தொடங்குகிறது. தாயைக் காலராவுக்குப் பறிகொடுத்த சீனாவின் காண்டன் நகரத்துச் சிறுவன் ஒருவனை லவல் என்னும் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் இங்கிலாந்துக்கு அழைத்து வருகிறார். ஆங்கிலேயர்கள் உச்சரிக்கக்கூடிய பெயர் ஒன்று அவனுக்கு வேண்டும் என்கிறார். அவன் ராபின் ஸ்விஃப்ட் ஆகிறான். அவன் பிறந்தபோது வைத்த பெயர் என்ன என்பதை நாவல் கடைசிவரை நமக்குச் சொல்வதில்லை. பல ஆண்டுகள் லத்தீனும் கிரேக்கமும் கற்றபின் அவன் 'பேபல்' என்னும் கோபுரத்தில் இயங்கும் ஆக்ஸ்போர்டின் மொழிபெயர்ப்புக் கழகத்தில் சேர்கிறான். கல்கத்தாவைச் சேர்ந்த ராமி, ஹெய்ட்டியில் பிறந்த விக்டோர் என்னும் பெண், ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் மகள் லெட்டி ஆகியோர் அவனுடைய வகுப்புத் தோழர்கள்.

அந்தக் கழகத்தின் மந்திரம் வெள்ளிக் கட்டிகளில் இருக்கிறது. கட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு மொழியின் சொல்லையும் மறுபக்கத்தில் இன்னொரு மொழியில் அதற்கு ஈடான சொல்லையும் பொறித்து, இரண்டு மொழிகளையும் உள்ளிருந்து அறிந்தவர் அவற்றை உச்சரித்தால், மொழிபெயர்ப்பில் தவறிப்போன பொருள் உலகத்தில் செயலாக வெளிப்படும். பழைய பிரெஞ்சில் 'திரியாக்கிள்' என்பது நச்சுமுறி மருந்து. அதே சொல் ஆங்கிலத்தில் 'ட்ரீக்கிள்' ஆகும்போது வெறும் இனிப்புப் பாகாகிவிடுகிறது. நடுவில் தவறிப்போன மருந்துதான் வெள்ளியிலிருந்து எழுந்து, சாகக் கிடக்கும் சிறுவன் ராபினைப் பிழைக்க வைக்கிறது. 'ஊடல்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று தோற்ற எவருக்கும், தோற்ற இடத்தில் ஏதோ ஒன்று மிச்சமாக நிற்கும் அந்த உணர்வு தெரியும். இதை விளக்க மொழியியல் நூல்கள் பல பக்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. குவாங் ஒரு வெள்ளிக் கட்டியில் காட்டிவிடுகிறார். மொழியை நேசிக்கும் இளைஞர்களை இந்த நாவல் பிடித்துக்கொள்வதற்கு முதல் காரணம் இதுவே என்பேன்.

ஆயினும் நாவலின் மிகப் பெரிய மந்திரம் மாணவர் சேர்க்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. கதை நடக்கும் 1830களின் உண்மையான ஆக்ஸ்போர்டில் சேர வேண்டுமானால் ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுக்குக் கையொப்பமிட வேண்டும். அந்த நிபந்தனை 1854இல்தான் மாணவர் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. பெண்களுக்குப் பட்டம் வழங்கப்பட்டது 1920இல்தான். ஆகவே இஸ்லாமியரான ராமியும், விக்டோரும், லெட்டியும் அந்த வகுப்பறையில் அமர்ந்திருப்பது வரலாற்றில் நடந்திருக்க முடியாத காரியம். குவாங் அந்தக் கதவைக் கருணையால் திறப்பதில்லை, தேவையால் திறக்கிறார். ஐரோப்பிய மொழிகள் ஒன்றோடொன்று கலந்து அவற்றின் சொல்லிணைகள் வலுவிழப்பதால் கழகத்துக்குச் சீனமும் அரபியும் சமஸ்கிருதமும் தாய்ப்பாலோடு வந்த நாக்குகள் வேண்டியிருக்கின்றன. அந்த மாணவர்களுக்குக் கிடைத்த இடமும் உதவித்தொகையும் நட்பும் உண்மையானவை. அவர்கள் ஆக்கித் தரும் வெள்ளி தங்கள் பிறந்த மண்ணுக்கு எதிரான கப்பல்களைச் செலுத்துகிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

வெள்ளியை குவாங் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலைக்காகச் சீனாவுக்கு வெள்ளியாகக் கொட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்டன், அந்த ஓட்டத்தைத் திருப்ப இந்தியாவில் விளைந்த அபினியை அங்கே கொண்டு போய் இறக்கியது. எதிர்த்தபோது போர் தொடுத்தது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி சீனா தர ஒப்புக்கொண்டது 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். நாவல் அந்தப் போருக்கு முந்தைய நாட்களில் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், மந்திரம் என்று நாம் நினைத்தது எவ்வளவு தூரம் கணக்குப் புத்தகம் என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பையும் அதிகாரத்தையும் முடிச்சுப் போட்டது குவாங்கின் கற்பனையும் அன்று. ஆக்ஸ்போர்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் இருக்கைக்கு 1832இல் முதல் பேராசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான ஜோசப் போடன், விவிலியத்தைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்து இந்தியர்களை மதம் மாற்ற அது உதவும் என்று எண்ணியே தம் சொத்தை அதற்கு எழுதி வைத்தார். உங்கள் தஞ்சாவூரில் 1850களில் பணியாற்றிய ஜி. யு. போப், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தபடி 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். சமயப் பணிக்காக வந்தவர் அவர். திருவாசகத்தில் உருகியவரும் அவரே. அந்த உருக்கம் பொய் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். நோக்கத்தையும் நேசத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாத அந்த இடத்தில்தான் குவாங் தம் கோபுரத்தைக் கட்டியிருக்கிறார்.

நாவலில் குறைகள் உண்டு. வாசகர் புரிந்துகொண்ட ஒன்றைப் பாத்திரங்கள் மறுபடியும் உரையாடலில் சொல்கிறார்கள். அடிக்குறிப்பு மூன்றாம் முறை சொல்கிறது. பேராசிரியர் லவல் கொடியவர் என்பதை முதல் சில அத்தியாயங்களிலேயே முடிவு செய்துவிட்டதால், அவரிடம் ராபின் எதிர்பார்க்கும் அன்பு எங்கிருந்து வருகிறது என்பது முழுமையாகத் துலங்கவில்லை. லெட்டியின் மனத்துக்குள் குவாங் தாமதமாகவும் சுருக்கமாகவும்தான் நுழைகிறார். முன்பே நுழைந்திருந்தால் பின்பகுதி இன்னும் கடுமையாக வலித்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முதல் ஆண்டைப் பற்றிய அத்தியாயங்களை என்னால் மறக்க முடியவில்லை. நால்வரும் விடிய விடியப் பாடம் படித்து, ஒரே சொல்லின் வேரைத் தேடி வாதிட்டு, இதுதான் தங்கள் இடம் என்று நம்பும் பக்கங்கள் அவை. குவாங் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். அந்த மகிழ்ச்சியை அவர் கேலி செய்யவில்லை. அதை முழு அழகோடு நமக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கான விலைச்சீட்டைக் காட்டுகிறார். நல்ல கல்லூரியில் இடம் கிடைத்த நாளில் வீடே கொண்டாடியதையும், அங்கே தன் பேச்சு வழக்கை மெல்ல மாற்றிக்கொண்டதையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் மாணவிக்கு அது யாரோ ஒருவரின் கதையாகத் தோன்றாது.

உங்கள் மகளிடம் இது மோகமா என்று கேட்க வேண்டாம். எல்லாம் தெரிந்த பிறகு, அந்த முதலாண்டுப் பக்கங்களை மூன்றாம் முறை வாசித்தபோது என்ன தோன்றியது என்று கேளுங்கள்.