பின்பக்கமாக விழுகிறவர்

வணக்கம். எங்கள் வாசிகசாலை உறுப்பினர் ஒருவரின் தகப்பனாருக்கு இரண்டு வருடமாகப் பார்க்கின்சன் என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது பி.எஸ்.பி. என்ற மூளை நோய் என்கிறார்கள். திருகோணமலையில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. துண்டுப்பிரசுரம் ஒன்று அடிக்கப்போகிறோம். என்ன எழுதலாம்?
வாசகர், உப்புவெளி

அன்புள்ள நண்பருக்கு,

பி.எஸ்.பி.யின் முழுப்பெயரை, 'புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி' என்று, தலைப்பாகப் போட்டால் அந்தத் துண்டு வடை சுற்றத்தான் உதவும். 1964இல் டொரொன்டோவில் மூன்று மருத்துவர்கள் இதை விவரித்தது, மூளையில் டௌ என்ற புரதம் படிவது, இது தொற்றாது என்பது எல்லாம் பின்பக்கத்தில் நாலு வரி போதும். முன்பக்கத்தில் வீட்டுக்காரர் கண்ணில் படுவதைப் போடுங்கள்.

நோயாளி பெரும்பாலும் முதல் வருடத்திலேயே விழத் தொடங்குவார், அதுவும் பின்பக்கமாக. பார்க்கின்சனில் விழுகை பெரும்பாலும் பிந்தித்தான் வரும். அடுத்தது கண். கோணேசர் கோயில் படியில் ஏறிவிடுவார், இறங்கத்தான் தடுமாறுவார். கோப்பையில் தன் பக்கத்துச் சோறு அப்படியே கிடக்கும், சேர்ட்டில் கறி சிந்தியிருக்கும். கண் கீழே இறங்காததுதான் காரணம். கண் தசையில் பழுதில்லை. ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி மருத்துவர் தலையை மேலும் கீழும் அசைத்தால் கண் அசையும், தானாகப் பார்க்கச் சொன்னால் அசையாது. மூளையிலிருந்து கட்டளை வரும் வழிதான் கெட்டிருக்கிறது.

இவர்களில் சிலர் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. ஆகவே துண்டை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுவதற்கு முன் அங்கே வையுங்கள். தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்துச் செய்த பைஃபோகல் கண்ணாடி இவர்களுக்கு உதவாது. அதன் வாசிக்கும் பகுதி கீழேதானே இருக்கிறது!

வீட்டில் செய்யக்கூடியவை: கோப்பையைச் சிறு பெட்டிமேல் வைத்து உயர்த்துங்கள். நடக்கும்போது முன்னால் நின்று கையை இழுக்காமல், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள். இலேசான வோக்கர் அவரோடு சேர்ந்து பின்னால் சாயும், முன்பக்கம் பாரமானதே நல்லது. தண்ணீரும் பிளேன்டீயும்தான் அதிகம் புரைக்கேறும். ரசம் விட்ட சோறு இன்னும் மோசம், நீரும் பருக்கையும் வெவ்வேறு வேகத்தில் இறங்கும். நிமிர்ந்து இருத்தி, சிறு வாயாகக் கொடுத்து, சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பாட்டோடு இருமலோ, காரணம் தெரியாத காய்ச்சலோ வந்தால் உடனே காட்டுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோவது நிமோனியாதான்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து பலனில்லை என்று தாங்களாகவே நிறுத்த வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். குறைப்பது மருத்துவர் வேலை.

ஒரு லட்சத்துக்கு 5, 6 பேர் என்பது வெளிநாட்டுக் கணக்கு. அதை நம் மாவட்டத்துக்குப் போட்டால் இருபது பேர் சொச்சம் வரும். எல்லோரும் தமிழ் வாசிப்பவர்களாக இருக்கமாட்டார்கள். சிங்களத்திலும் அடியுங்கள்.