பல பூனைகள் உள்ள வீடு: நேரக் கணக்கு (கேள்வி பதில்)

தெருவில் மீட்ட பூனைகளைப் பல ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பராமரித்துவரும் சென்னைக்காரர் ஒருவர், பல ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தாம்பரம்: எங்களிடம் நான்கு பூனைகள். இன்னும் ஆறு வந்தால் வேலை எவ்வளவு கூடும்? நான் அலுவலகம் போகிறவள்.

எல்லோரும் சோறு வைக்கும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அது சின்ன வேலை. நீங்கள் மணல் தட்டிலிருந்து தொடங்குங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். பத்துப் பூனைக்குப் பதினொரு தட்டு. காலையும் மாலையும் அள்ள, தட்டுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலே 44 நிமிடம் ஆகிவிடும். தரை துடைப்பது, தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவுவது, கட்டிலுக்கு அடியில் எடுத்த வாந்தியைத் தேடிப் பிடிப்பது ஆகியவற்றுக்கு இன்னொரு மணி நேரம்.

இது எல்லாம் நலமாக இருக்கும் நாளின் கணக்கு. பத்தில் ஒன்றுக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட அரை நிமிடம் போதும்; அதற்காகப் பீரோவின் மேலிருந்து பூனையை இறக்கத்தான் நேரம் பிடிக்கும். மருத்துவரிடம் போனால் அரை நாள் போய்விடும். கூட்டம் கூடக்கூடச் சண்டை, சுவரில் சிறுநீர் பீய்ச்சுதல், தொற்று என்று மூன்றும் சேர்ந்து வருவதால், நான்கு பத்தானால் வேலை இரண்டரை மடங்கோடு நிற்காது. ஆறு வேண்டாம். ஒன்றைச் சேர்த்து மூன்று மாதம் பாருங்கள்.

மதுரை: ஓட்டின் மேல் கண் திறக்காத மூன்று குட்டிகள். தாயைக் காணோம். எடுத்து வளர்க்கலாமா?

உடனே எடுக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். குட்டிகள் கதகதப்பாக, சத்தமில்லாமல் கிடந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். பக்கத்தில் நின்றால் தாய் வராது. குட்டிகள் சில்லிட்டுப்போய் ஓயாமல் கத்தினால் எடுத்துவிடுங்கள்.

எடுத்தால் அடுத்த சில வாரங்களுக்குத் தூக்கம் கிடையாது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் சேர்த்து, பால் புகட்ட வேண்டும். முதலில் உடம்பைச் சூடாக்குங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பால் வேண்டாம், குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு வாங்குங்கள். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்; குப்புற வைத்தே புகட்டுங்கள். முதல் மூன்று வாரம் அவற்றுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடும் இடத்தில் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மெதுவாக வருட வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் எடை பாருங்கள். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். மூன்று குட்டிக்கும் முடித்துப் பாட்டிலைக் கழுவி வைக்கும்போது முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அடுத்த வேளைக்கு முன் கண்ணயர ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சேலம்: வீடெல்லாம் நாற்றம். எந்தப் பினாயில் நல்லது?

எதுவும் நல்லதல்ல. கறுப்புப் பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. வெள்ளைப் பினாயிலின் பைன் எண்ணெயும் ஆகாது. துடைத்த தரையில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் இதே கல்லீரல் குறைதான் காரணம். சோப்புத் தண்ணீர் போதும். பூனைப் பார்வோ என்ற தொற்றுநோய் வந்த வீடு என்றால் அந்த வைரஸ் ஓராண்டுகூடத் தரையில் தங்கும். அங்கே மட்டும் ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பூனைகளை வேறு அறையில் அடைத்துவிட்டு, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். நாற்றத்துக்கு வேர் பெரும்பாலும் கருத்தடை செய்யாத ஆண் பூனை.

கோவை: இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டியதில்லை. என்னிடம் பதினெட்டு. பெரிய தாம்பாளத்தில் உலர் உணவைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். அரை மணியில் எல்லாம் முடிகிறது.

நீங்கள் மிச்சப்படுத்துவது பூனைகளைப் பார்க்கும் நேரத்தை. தாம்பாளத்தில் யார் தின்றது, யார் தின்னவில்லை என்று எப்படித் தெரியும்? நான் இரு வேளையும் தனித்தனிக் கிண்ணம் வைத்து, தின்று முடிக்கும்வரை நிற்கிறேன். வெளியாளுக்கு அது சும்மா நிற்பதாகத் தெரியும். முகர்ந்துவிட்டுத் திரும்புகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, வழக்கமாக முதலில் வருவது கடைசியில் வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். பூனை நோயைக் காட்டிக்கொள்ளாது.

மதுரை: முன்பு கேட்டவன்தான். பசும்பாலில் தண்ணீர் கலந்தால்?

வேண்டாம்.

கோவை: என் பூனைகள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. வந்து பாருங்கள்.

கொழுத்த பூனையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பதினெட்டில் ஒன்று தின்னவில்லை என்பது உங்களுக்கு எந்த நாள் தெரியவரும்?

நாகர்கோவில்: கோவைக்காரர் சொல்வதும் சரிதான். நாங்கள் சாளை மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து பொதுவாக வைக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான்.

அந்தத் தலைமுறைப் பூனைகள் வெளியே போய் எலியும் ஓணானும் தின்றன. அடைத்து வளர்க்கும் பூனைக்குச் சோறு வயிற்றை நிரப்புமே தவிர டாரின் கொடுக்காது. அந்தச் சத்து குறைந்தால் பார்வை போகும். இதயத் தசை தளரும் என்பது 1987இல் உறுதியானது. வேகவைத்தால் அது தண்ணீரில் இறங்கிவிடும், மீன் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மீனைக் கூட்டி, சோற்றைக் குறைத்து, பூனைக்கான உணவையும் ஒரு வேளை கொடுங்கள்.

கோவை: அப்படியானால் உலர் உணவே மேல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

சத்தில் குறை இல்லை. நான் பேசியது தாம்பாளத்தைப் பற்றி. இன்னொன்றும் சொல்கிறேன். மணல் தட்டை நானே அள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டியாகும் மணலில், ஆண் பூனையின் சிறுநீர்க் கட்டி எலுமிச்சம்பழ அளவு இருக்க வேண்டும். சுண்டைக்காய் அளவில் ஐந்தாறு கிடந்தாலோ, ஒரு பூனை தட்டில் ஏறி முக்கிவிட்டு ஒன்றும் போகாமல் இறங்கினாலோ, சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றே, இரவானாலும், மருத்துவமனை. அரை மணியில் முடிக்கிற வீட்டில் இதை யார் பார்ப்பார்கள்?

திருச்சி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனைகளை விரட்டச் சொல்கிறார்கள்.

விரட்ட வேண்டாம். தட்டை நீங்கள் அள்ளுங்கள், தினமும். மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். மற்றதை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலூர்: ஒரு குட்டி கிடைத்தது. எடுத்துக்கொள்வீர்களா?

இல்லை. புதிதாக எது வந்தாலும் இரண்டு வாரம் தனி அறை என்பது என் வீட்டு விதி. அந்த அறை இப்போது காலியாக இல்லை.

ஆவடி: எங்களிடமும் ஒரு குட்டி...

மேலே பார்க்கவும்.

ஈரோடு: நாய்க்கு உண்ணி மருந்து வாங்கினேன். மீதியைப் பூனைக்குப் போடலாமா?

கூடாது. பல நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாயைப் பற்றி வேறு கேள்வி இருந்தால் நாய் வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

கடலூர்: எங்களிடம் ஒரு குட்டி...

எடுக்க மாட்டேன். அதன் தாயைப் பிடித்துக் கருத்தடை செய்யுங்கள். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். அந்த ஓர் அரை நாளைச் செலவிடாதவர் அடுத்த மூன்று மாதத்தில் இதே கேள்வியை மறுபடி கேட்பார்.

தாம்பரம்: முதலில் கேட்டவள். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?

வீட்டில் எல்லோரும் சேர்ந்து போவதை நாங்கள் விட்டுவிட்டோம். போயே ஆக வேண்டுமென்றால், வருகிறவரை முந்தைய நாளே வரவழைத்து, ஒரு வேளையாவது உங்கள் கண்முன் செய்ய வையுங்கள். எந்தப் பூனை எங்கே ஒளியும், எதற்கு எந்த மருந்து என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். தினமும் எண்ணிப் பார்த்துப் போனில் சொல்லச் சொல்லுங்கள். உதவி செய்கிறேன் என்று தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துவிடுவார்கள், அதையும் சொல்லிவையுங்கள். மருத்துவரின் எண் கதவில் இருக்கட்டும். தூக்கிப்போகும் கூடை பரணில் வேண்டாம், கைக்கு எட்டுமிடத்தில் வையுங்கள்.