தங்கச்சியின் படம்

அன்புள்ள ஐயா,

நான் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஈரோட்டில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். போர்டுக்குப் படம் வேண்டுமென்று ஒரு ஸ்டுடியோவில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து எடுத்தேன். வெள்ளைக் கோட்டு, கட்டிய கைகள், சாம்பல் நிறப் பின்னணி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டு வலிக்கு வரும் பாட்டி ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு, “இது உன் தங்கச்சியா கண்ணு?” என்று கேட்டார். மறுபடி எடுக்கலாமென்று இருக்கிறேன். என் ஆளுமை தெரிய என்ன உடுத்தலாம், பின்னணி எப்படி, சிரிக்கலாமா? சர்ச்சிலிடமிருந்து சுருட்டைப் பிடுங்கியதுபோல போட்டோகிராபர்தான் ஏதாவது செய்ய வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தப் பாட்டியின் காலில் விழுந்து கும்பிடுங்கள். எட்டாயிரம் வாங்கியவர் சொல்லாததை அவர் இலவசமாகச் சொல்லியிருக்கிறார்.

உடை: ஏற்கெனவே நாலு தடவை துவைத்து உடம்புக்குப் பழகியது எதுவானாலும் சரி. பின்னணியை விடுங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. சர்ச்சில் கதையை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1941 டிசம்பர் 30, கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடம். போட்டோகிராபர் யூசுப் கார்ஷ் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார், சர்ச்சில் முறைத்தார், படம் உலகப் புகழ் பெற்றது. கையோடு கார்ஷ் இன்னொரு படமும் எடுத்தார், அதில் அதே மனிதர் சிரிக்கிறார். ஐந்து பவுண்டு நோட்டில் ஏறியது முறைப்புதான். அதனால் சிரித்த சர்ச்சில் பொய்யாகிவிடுவாரா? ஆளுமை என்பது சுருட்டைப் பிடுங்கினால் வெளியே வந்து விழுகிற சாமான் இல்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. உங்கள் தொழிலே கை. நாளெல்லாம் அடுத்தவர் முழங்காலையும் தோளையும் பிடித்து நீவுகிற கையை, அந்த ஸ்டுடியோக்காரர் அக்குளுக்குள் சொருகச் சொல்லியிருக்கிறார், நீங்களும் சொருகியிருக்கிறீர்கள்! படித்தவர்தானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சரி, அதுகூடப் போகட்டும். பாட்டி உங்களைத் தங்கையாக்கியது கையால் அல்ல. முகத்தை வழித்துவிட்டார்கள். கண்ணோரச் சுருக்கம், நெற்றிக் கோடு எல்லாவற்றையும் மவுஸால் துடைத்திருப்பார்கள்.

இது கம்ப்யூட்டர் வந்து கெடுத்தது என்று நினைக்காதீர்கள். அக்கா கல்யாணம் முடிந்த கையோடு, 1982-இல், அப்பா அம்மாவை எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். அம்மா தனியாக எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள் அம்மா, கன்னமெல்லாம் தழும்பு. மறுவாரம் படம் வாங்க நானும் போனேன். உள்ளே ஒரு பெரியவர் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத்தொட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். தழும்புக் குழியில் விழும் நிழல் நெகட்டிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும், அதைப் பென்சில் கரியால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் தோல் மழமழவென்று வந்துவிடும். பத்து வயதில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். யார் முகமோ என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கா” என்றாள். இருக்கேன் என்று சொல்லவில்லை.

அவள் போனபின் அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம், வேறு படம் ஏது? பாட்டியைப் பார்த்தேயிராத என் மகள் ஒருநாள், “பாட்டி மூஞ்சிக்கு என்னப்பா போடுவாங்க?” என்று கேட்டாள். இரவில் அந்தக் குழிகளை விரலால் எண்ணிக்கொண்டே தூங்கியவன் நான். காதோரம் மட்டும் ஏழு. அந்த ஏழும் இன்று என் விரல்நுனியில்தான் இருக்கின்றன.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு அம்மையார். நாற்பத்தெட்டு வயதில், 1863-இல், மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில் படம் பிடிக்கத் தொடங்கியவர். விஞ்ஞானி டார்வின், எழுத்தாளர் கார்லைல் எல்லாம் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், கார்லைல் அசைந்தும்விட்டார். அந்தக் கலங்கலை கேமரன் அப்படியே வைத்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் கறையும் கீறலும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டதற்காக அன்றைய புகைப்பட வல்லுநர்கள் கிண்டலடித்தார்கள். கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போனார், அங்கே களுத்துறை விவசாயிகளையும் அதே அக்கறையோடு எடுத்தார். பொகவந்தலாவையில்தான் கல்லறை. டார்வின் நெற்றியின் பள்ளங்களை அவர் எடுத்ததில் பாருங்கள். பென்சில் பெரியவரிடம் மாட்டியிருந்தால் என்னாகியிருக்கும்!

சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வந்தால் சிரியுங்கள். அடுத்த முறை போட்டோகிராபரை கிளினிக்குக்கு வரச்சொல்லுங்கள், ஒரு மணி நேரம் கேமராவைத் தொடாமல் நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கட்டும். முகத்தில் கைவைக்கக் கூடாது என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்தப் பாட்டி சம்மதித்தால், அவர் முழங்காலைப் பிடித்தபடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் வந்ததும் முதலில் அவரிடம் காட்டி, இது யாரென்று கேளுங்கள்.