ஒரு தொடர்தான் வருகிறது, இரண்டாவது எங்கே போனது?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். '4 எக்ஸ் ஒய்-டபுள்-டேஷ் + 2 ஒய்-டேஷ் + ஒய் = 0' என்ற வகைக்கெழுச் சமன்பாட்டை அடுக்குத் தொடர் முறையில் எத்தனை தடவை போட்டாலும் ஏ-நாட் என்ற ஒரே மாறிலிதான் மிஞ்சுகிறது. இரண்டாம் வரிசைச் சமன்பாட்டுக்கு இரண்டு வர வேண்டுமே? 'முதல் தீர்வை லாக் எக்ஸால் பெருக்கினால் அதுதான் இரண்டாவது' என்கிறார் டியூஷன் மாஸ்டர். ஏற்கெனவே ஓர் அரியர் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: கணக்கில் நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் தொடர், 1 கழித்தல் எக்ஸ்/2, கூட்டல் எக்ஸ் வர்க்கம்/24 என்று போவது. அது சரியான தீர்வுதான். கோளாறு முதல் வரியிலேயே இருக்கிறது. தீர்வில் எக்ஸின் அடுக்குகள் 0, 1, 2, 3 என்று முழு எண்களாகத்தான் வரும் என்று எடுத்துக்கொண்டீர்கள். இந்தச் சமன்பாட்டின் இன்னொரு தீர்வில் வர்க்கமூலம் இருக்கிறது. முழு எண் அடுக்குகளை மட்டும் வைத்து அதை எப்படிப் பிடிப்பீர்கள்?

தொடரை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒய்-டபுள்-டேஷின் கெழுவால் முழுச் சமன்பாட்டையும் வகுத்துவிடுங்கள். இங்கே 4 எக்ஸால் வகுத்தால் மற்ற இரண்டு உறுப்புகளுக்கும் அடியில் எக்ஸ் வந்து உட்காரும். எக்ஸ் பூஜ்ஜியம் ஆனால் அவை வெடித்துவிடும். அதுதான் சிங்குலர் பாயின்ட். 'ஒய்-டபுள்-டேஷ் = எக்ஸ் ஒய்' என்ற எய்ரி சமன்பாட்டில் அப்படி அடியில் எதுவும் வராது. அதில் சாதாரணத் தொடரைப் போட்டாலே ஏ-நாட், ஏ-ஒன் இரண்டும் சுதந்திரமாக நிற்கும், இரண்டு தீர்வும் வந்துவிடும். உங்கள் கணக்கு அந்த வகை இல்லை.

இதற்கான வழியை, ஜெர்மன் கணித அறிஞர் ஃபுக்ஸ் 1866-இல் போட்டுவைத்த பாதையில் நடந்து, இன்னொரு ஜெர்மன் கணித அறிஞரான ஃப்ரோபீனியஸ் 1873-இல் எளிமையாக்கிக் கொடுத்தார். தொடருக்கு முன்னால் 'எக்ஸின் அடுக்கு ஆர்' என்று ஒன்றைப் பெருக்கிவைக்க வேண்டும். ஆர் என்னவென்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, சமன்பாடே சொல்லும். பிரதியிட்டதும் மிகக் குறைந்த அடுக்கின் கெழுவை மட்டும் பாருங்கள்: 4 ஆர் (ஆர் − 1) + 2 ஆர் = 0. ஆர் = 0 அல்லது ஆர் = 1/2. பூஜ்ஜியம் போட்டால் உங்களிடம் இருக்கும் தொடர் வரும். அரை போட்டால், வர்க்கமூலம் எக்ஸ் பெருக்கல் (1 − எக்ஸ்/6 + எக்ஸ் வர்க்கம்/120 − ...). அவ்வளவுதான், காணாமல் போன தீர்வு இதுதான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் முதலாவது காஸ் வர்க்கமூலம் எக்ஸ், இரண்டாவது சைன் வர்க்கமூலம் எக்ஸ் என்பதும் தெரியும்.

உங்கள் மாஸ்டர் சொன்னதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதல் தீர்வை லாக் எக்ஸால் பெருக்கிச் சமன்பாட்டில் போடுங்கள். லாக் உள்ள உறுப்புகள் எல்லாம் அடிபட்டுப் போகும், ஆனால் −2/எக்ஸ் என்று ஒன்று மிஞ்சி நிற்கும். அதை அடிக்க வேறு எதுவும் அங்கே இல்லை. லாக் உண்மையிலேயே தேவைப்படும் கணக்குகளில்கூட, பெரும்பாலும் பெருக்கியதோடு இன்னொரு தொடரையும் கூட்டினால்தான் தீர்வு ஆகும். வெறும் பெருக்கலே விடை ஆவது சில எளிய கணக்குகளில் மட்டும்தான்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தேர்வு நெருங்கினால் 'முக்கிய வினா விடை', 'அரியர் கிளியர் கியாரண்டி' என்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் விற்கக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு வந்து சேர்ந்த சிலவற்றில் ஒரே தவறான வரி எழுத்துப் பிழை உட்பட அப்படியே இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து அடித்திருக்கிறார், யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அரியர் பயத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு இதைக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

அந்தத் தவறான வரி இதுதான்: 'ஆரின் இரு மதிப்புகளின் வித்தியாசம் முழு எண் என்றால் லாக் வரும்.' வரும் என்பது தப்பு, வரலாம் என்பதுதான் சரி. இரண்டு மதிப்பும் ஒன்றேயானால் லாக் நிச்சயம். பூஜ்ஜிய வரிசை பெசல் சமன்பாடு அப்படித்தான் ('எக்ஸ் வர்க்கம் ஒய்-டபுள்-டேஷ் + எக்ஸ் ஒய்-டேஷ் + (எக்ஸ் வர்க்கம் − பி வர்க்கம்) ஒய் = 0' என்பதுதான் பெசல் சமன்பாடு, அதில் வரும் பி-தான் இங்கே வரிசை). ஆனால் 1/2 வரிசை பெசலை எடுங்கள். ஆர் = 1/2, −1/2. வித்தியாசம் 1, முழு எண்தான். சிறிய மதிப்பான −1/2-ஐப் போட்டு ஏ-ஒன் வரும் வரியை எழுதுங்கள்: 0 × ஏ-ஒன் = 0. ஏ-ஒன் என்னவாக இருந்தாலும் வரி ஒத்துப்போகிறது. ஆகவே ஏ-நாட், ஏ-ஒன் இரண்டும் சுதந்திரம். இரண்டு தீர்வும் அந்த ஒரே மதிப்பிலிருந்து வந்துவிட்டன, லாக் தேவையே இல்லை. காஸ் எக்ஸ், சைன் எக்ஸ் இரண்டையும் வர்க்கமூலம் எக்ஸால் வகுத்தால் கிடைப்பவை அவை. அடுத்து வரிசை 1 பெசல். ஆர் = 1, −1. வித்தியாசம் 2. சிறிய மதிப்பைப் போட்டால் இரண்டாம் படியில் 0 × ஏ-டூ + ஏ-நாட் = 0 என்று வரும். ஏ-நாட் பூஜ்ஜியம் இல்லையே, வரி முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் லாக் வேண்டும். ஆகவே வித்தியாசம் முழு எண்ணாக இருந்தால் சிறிய மதிப்பைப் போட்டு, பூஜ்ஜியத்தால் பெருக்கப்படும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் கணக்கில் வித்தியாசம் அரை. லாக் பேச்சுக்கே இடமில்லை.

இதை வகுப்பிலேயே ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் தொடர் தீர்வு, லெஜன்டர், பெசல் எல்லாவற்றையும் ஒரே யூனிட்டில் திணித்து, கேள்வித்தாளில் அதே நான்கைந்து சமன்பாடுகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால், ஆசிரியரும் மனப்பாடத்துக்குத்தான் தள்ளுவார். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். ஆரின் சமன்பாட்டைத் தனி வரியில் எழுதுங்கள். அடுத்தடுத்த கெழுக்களை இணைக்கும் வாய்ப்பாட்டைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு தொடரிலும் பூஜ்ஜியம் அல்லாத மூன்று உறுப்புகளாவது இருக்கட்டும். கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து முதல் இரு உறுப்புகளைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டாவது தீர்வில், வர்க்கமூலம் எக்ஸ் கொடுக்கும் −1-உம் +1-உம் ஒன்றையொன்று அடித்துவிடும். அடுத்த அடுக்கில் −1/2, −1/2, +1 சேர்ந்து பூஜ்ஜியம் ஆகும். ஆகவில்லை என்றால், அடுத்த கேள்விக்குப் போகாமல் அந்த இடத்திலேயே திருத்துங்கள்.