12 ரூம் இருக்குற வீட்டுக்கு காட்டேஜ்னு பேரா?

கேள்வி: போன வருஷம் லண்டன்ல இருக்குற பையன் எங்கள ஸ்ட்ராட்ஃபோர்டு கூட்டிட்டுப் போனான். ஷேக்ஸ்பியரோட சம்சாரம் ஆன் ஹாத்தவே வளர்ந்த வீட்டையும் பார்த்தோம். வைக்கோல் கூரை, ஆனா அந்த ஊர் மழைக்கு ஒழுகாம எப்படி நிக்குது? காட்டேஜ்ங்குறாங்க, உள்ள ரூம் ரூமா போய்க்கிட்டே இருக்கே? - வாசகி, கும்பகோணம்

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வரேன் மேடம். பேரு மட்டும்தான் காட்டேஜ், உண்மையில அது ஷாட்டரி கிராமத்துல ஒரு வசதியான விவசாயக் குடும்பத்தோட வீடு, 12 ரூம். பழைய பகுதி 1463ல கட்டினது. ஆனோட அண்ணன் தம்பிங்கள்ல ஒருத்தரான பார்த்தலோமியோ 1610ல அதை சொந்தமா வாங்கினாரு, அப்புறம்தான் வீடு பெருசாச்சு, அதனால நீங்க பார்த்த அத்தனை ரூமும் ஆன் ஓடி விளையாடின இடம் இல்ல.

எனக்கு அந்த வீட்டுல உயிரே அந்த வளைஞ்ச மரங்கதான். இயற்கையாவே வளைஞ்சு வளர்ந்த ஓக் மரமா தேடி, நெடுக்க ரெண்டா பொளந்து, ரெண்டு பாதியையும் எதிரெதிரா நிறுத்தி உச்சியில சேர்த்துடுவாங்க, கூரை பாரம் அந்த ஜோடி வழியா நேரா தரைக்கு எறங்கிடும், சுவருக்கு பெரிசா வேலையே இல்ல. அதான் சுவர் வெறும் வரிச்சும் மண்ணுமா இருந்தும் நிக்குது. ஆதியில நடுக்கூடத்துக்கு மேல மாடியே கிடையாது, அடுப்புப் புகை நேரா கூரைக்குப் போகும். மாடியும் புகைக்கூண்டும் பின்னாடி வந்தது.

ஒழுகாததுக்கு காரணம் சரிவுதான். இந்த மாதிரி கூரைய 45, 50 டிகிரிக்கு நல்லா செங்குத்தா எழுப்பி, ஒரு அடி கனத்துக்கு நெருக்கி வேய்வாங்க, விழுற தண்ணி உள்ள எறங்க நேரமில்லாம தண்டு மேலயே வழிஞ்சு ஓடிடும், எவ்வளவு மழை பெஞ்சாலும் மேல் பக்கம் கொஞ்சம்தான் நனையும். எறவாணத்த நல்லா வெளிய இழுத்து விட்டிருக்குறதால தண்ணி சுவர்ல படாம தள்ளி விழும். முகடுதான் சீக்கிரம் தேயும், பத்து பதினைஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை அத மட்டும் புதுசா போடணும்.

மழைய விட நெருப்புதான் பயம். 1892லேர்ந்து ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை பார்த்துக்குற வீடு, அப்படியும் 1969ல தீப்பிடிச்சு ரொம்ப சேதமாச்சு. அப்புறம் பொறுமையா சரி பண்ணாங்க. மறுபடி போனா அந்த வளைஞ்ச ஓக் எங்கன்னு கேட்டு நின்னு பாருங்க மேடம், 1463ல வீடு கட்டுறப்ப தூக்கி நிறுத்தின மரம் அது.